பாதிப் பாதை எதிரே வருபவருக்கு

ஐப்பசி பிறந்து கொல்லிமலையில் மழை பிடித்துக்கொண்டால், மிளகுக் கொடிக்கும் காப்பிச் செடிக்கும் அது கொண்டாட்டம். சேந்தமங்கலத்துக்காரனாகிய எனக்கோ மழையோடு கூடவே ஒரு கவலையும் பிடித்துக்கொள்கிறது. காரவள்ளி அடிவாரத்தில் தொடங்கும் மலைச்சாலையில் கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. அத்தனை வளைவிலும் மேகம் இறங்கி உட்கார்ந்துவிடுகிற நாட்களாகப் பார்த்துத்தான், சமவெளியிலிருந்து குடும்பத்தோடு புறப்பட்டு வரும் அன்பர்கள், நான்கு இண்டிகேட்டரையும் ஒருசேர மினுக்கவிட்டுக்கொண்டு, ஹெட்லைட்டை முழுப் பிரகாசத்தில் வைத்துக்கொண்டு, பாதையின் நடுமையத்தைச் சொந்தம் கொண்டாடி ஏறுகிறார்கள். போன ஞாயிற்றுக்கிழமை அப்படி ஒரு காருக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். அந்த எரிச்சல் இன்னும் ஆறவில்லை.

ஆனால் வெறும் எரிச்சலை எழுதி வைப்பதில் யாருக்கும் பிரயோஜனம் கிடையாது. அந்தக் காரில் பின்பக்கக் கண்ணாடி வழியே இரண்டு குழந்தைகள் எட்டிப் பார்த்துக் கையசைத்தபடி இருந்தார்கள். அவர்கள் பத்திரமாக இறங்கி வீடு போய்ச் சேரவேண்டும் என்ற நினைப்பில்தான் இந்தப் பதிவை எழுதுகிறேன். ஆகவே கொஞ்சம் நீண்டால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் அந்த நான்கு விளக்கு விஷயம்.

நின்றுபோன வண்டி தன்னுடைய ஆபத்தைத் தெரிவிப்பதற்காக ஏற்பட்ட சமிக்ஞை அது. ஓடுகிற வண்டியில் அதைப் போட்டுவிட்டால், பின்னால் வருகிறவனுக்கு நீங்கள் நிற்கிறீர்களா, நகர்கிறீர்களா என்பது புரிவதில்லை. எதிரே வருகிறவனுக்கு நீங்கள் எந்தப் பக்கம் ஒதுங்கப்போகிறீர்கள் என்பது தெரிவதில்லை. அடுத்தடுத்து இடதும் வலதுமாகத் திரும்பவேண்டிய ஒரு மலைப்பாதையில், திரும்புவதைச் சொல்லும் விளக்கை நாமே செயலற்றதாக்கிவிடுவது எவ்வளவு பெரிய நஷ்டம் என்று சற்று யோசித்துப் பாருங்கள். முழுப் பிரகாசமான ஹெட்லைட்டும் அப்படித்தான். பனிமூட்டம் என்று நாம் சொல்வது நீர்த்திவலைகளின் கூட்டம். அதன்மேல் பாய்ச்சிய வெளிச்சம் அந்தத் திவலைகளிலே பட்டுச் சிதறி நம் கண்ணுக்கே திரும்பி வருகிறது. டிம்மில் வைத்து, கீழ்நோக்கிய மஞ்சள் பனிவிளக்கு இருந்தால் அதையும் போட்டுக்கொண்டால், பாதையின் ஓரக்கோடாவது தெரியும்.

(கொல்லிமலையில் நாம் பனி என்று சொல்வது பெரும்பாலும் மேகமே. ஈரக்காற்று மலைச்சரிவில் மோதி மேலே ஏறுகிறது. 1000 மீட்டர் உயரத்துக்குச் சராசரியாக ஆறரை டிகிரி வரை குளிர்கிறது. குளிர்ந்த காற்று தான் சுமந்த ஈரத்தை வைத்துக்கொள்ள முடியாமல் திவலையாக்கி விடுகிறது. அதனால்தான் அடிவாரத்தில் சுள்ளென்று வெயில் அடிக்கும்போதே நடுமலையில் எதிரிலிருக்கும் வண்டி தெரியாமல் போகிறது. கீழே வானம் தெளிவாக இருக்கிறதே என்று நம்பிப் புறப்படுகிறவர்கள் இதை மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும்.)

இனி என் பிரதான விஷயத்துக்கு வருகிறேன்.

மழையிலும் மேகத்திலும் மலைப்பாதையில் வண்டி ஓட்டுவது தனி ஒருவனுடைய சாமர்த்தியத்தைப் பொறுத்த காரியம் என்றே பலரும் எண்ணுகிறார்கள். எத்தனையோ வருஷங்களாக இந்தப் பாதையில் போய்வந்த பிறகு, எதிரே கண்ணுக்குத் தெரியாமல் வந்துகொண்டிருக்கும் இன்னொருவரோடு சேர்ந்து செய்கிற காரியம் அது என்ற முடிவுக்கு நான் வந்திருக்கிறேன். இதற்குக் கணக்கும் உண்டு. மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் போகிற வண்டி ஒரு வினாடியில் எட்டே கால் மீட்டருக்குமேல் கடந்துவிடுகிறது. ஆபத்தைக் கண்டு, காலை பிரேக்குக்குக் கொண்டுபோக ஒன்றரை வினாடி ஆகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள்ளேயே 12 மீட்டர் போய்விட்டது. ஈரத் தார்ச்சாலையில் சக்கரம் பிடித்து நிற்க இன்னும் எட்டு, ஒன்பது மீட்டர் வேண்டும். இறக்கமானால் அதற்கும் மேலே. ஆக மொத்தம் 20 மீட்டருக்குக் குறையாது. உங்களுக்குக் கண் எட்டுகிற தூரமே 20 மீட்டர் என்றால், சரியாக நின்றுவிடுவோம் என்று தோன்றும். ஆனால் எதிரே வருகிறவனுக்கும் அதே 20 மீட்டர்தானே தெரிகிறது? அவனும் நிற்பதற்கு அவ்வளவு தூரம் வேண்டாமா? இரண்டு பேருக்கும் சேர்த்து 40 மீட்டர் தேவைப்படுகிற இடத்தில் 20 தான் இருக்கிறது.

ஆகையினால் ஒடுங்கிய பாதையில், கண்ணுக்கு எட்டுகிற தூரத்தில் பாதிக்குள்ளே நின்றுவிடக்கூடிய வேகம்தான் நமக்கு உரிய வேகம். மீதிப் பாதி எதிரே வருபவருடையது. அதைத் தொடுவதற்கு நமக்குப் பாத்தியதை கிடையாது.

இந்தக் கணக்கை எந்தப் புத்தகத்திலும் படிக்காமல், கைப்பழக்கத்திலேயே தெரிந்து வைத்திருக்கிற மனிதர்கள் நம் மலைப் பஸ்களை ஓட்டுகிற டிரைவர்கள். நாமக்கல்லிலிருந்து மலைமேலுள்ள செம்மேட்டுக்குப் போகிற பஸ்ஸில் ஒருமுறை முன் இருக்கையிலே இடம் கிடைத்தது. வெளியே நல்ல மழை. டிரைவர் தம் பக்கத்து ஜன்னல் கண்ணாடியை ஒரு சாண் அளவுக்கு இறக்கியே வைத்திருந்தார். சாரல் அடித்துக் காக்கிச் சட்டையின் வலது தோள் முழுக்க நனைந்து கறுத்துப் போயிருந்தது. ஒவ்வொரு வளைவுக்கும் முன்னால் ஹாரனை ஒரு தடவை நீட்டி அடிப்பார்; அடித்துவிட்டு, தலையை லேசாக ஜன்னல் பக்கம் சாய்த்துக் கேட்பார்; பதில் ஹாரன் ஏதும் வராவிட்டால் மட்டுமே ஸ்டியரிங்கைச் சுழற்றத் தொடங்குவார். கண் பயன்படாத இடத்தில் காதைக் கொண்டு ஓட்டிய அந்த மனிதரைப் பார்த்துக்கொண்டே வந்ததில் எனக்கு உண்டான ஆனந்தத்தை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை.

அன்றைக்கு ஒரு வளைவில் இறங்கிவந்த கார் ஒன்று ஒதுங்காமல் நேரே மூக்கை நுழைத்து நின்றுவிட்டது. பஸ்தான் கடைசியில் பின்வாங்க வேண்டியதாயிற்று. சோளக்காட்டுச் சந்தைக்குப் பக்கத்தில் டீ குடிக்க இறங்கியபோது கேட்டேன்:

"ஏனுங்கண்ணா, அந்தக் கார்க்காரர் அப்படி வந்து நின்னாரே, உங்களுக்குக் கோவமே வரலீங்களா?"

"கோவப்பட்டு என்னங்க பண்றது? அவரு ஊருக்குப் புதுசு. ஏறுற வண்டிய வளைவுல நிறுத்திப்போட்டா மறுக்கா எடுக்கறது சிரமமுங்க. ஈர ரோட்டுல பின்சக்கரம் சும்மா சுத்தும், வண்டி பின்னால நழுவும். எறங்கறவங்க ரெண்டு நிமிஷம் ஓரங்கட்டுனாப் போதுமுங்க, ரெண்டு பேரும் நல்லபடியாப் போயிரலாம்."

இது அவருடைய சொந்த அபிப்பிராயம் மாத்திரம் அல்ல; நாட்டின் சட்டமே அதுதான். மலைப்பாதையிலும் செங்குத்தான பாதையிலும், இரண்டு வண்டிகள் தாராளமாகக் கடக்கும் அகலம் இல்லாத இடத்தில், இறங்குகிற வண்டி ஏறுகிற வண்டிக்கு வழி விட்டு நிற்கவேண்டும் என்று சாலை விதிகளிலேயே எழுதப்பட்டிருக்கிறது. லைசென்ஸ் வாங்கும்போது ஒரு தடவை படித்துவிட்டு மறந்துபோகிற விதிகளில் இது முதன்மையானது என்று நினைக்கிறேன். கொண்டை ஊசி வளைவில் பஸ் போன்ற நீளமான வண்டி திரும்புவதற்குச் சாலையின் முழு அகலமும் வேண்டும் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். வளைவுக்குள்ளே சந்தித்துக்கொண்டால் இருவருக்கும் சங்கடம். வளைவுக்குச் சற்று முன்னதாக, நேர்ப்பாதையில், மலைப்பக்கமோ அகலமான ஓரமோ பார்த்து நின்று, விளக்கை டிம் செய்து காட்டிவிட்டால் பஸ் டிரைவர் கையைத் தூக்கி ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போவார்.

ஏறுவதைவிட இறங்குவதில்தான் அபாயம் அதிகம். இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல ஆசைப்படுகிறேன். ஏனென்றால் மேலே போகும்போது என்ஜின் முனகுகிறது, வண்டி திணறுகிறது, மனிதர் ஜாக்கிரதையாக இருக்கிறார். இறங்கும்போதோ வண்டி தானாகவே வழுக்கிக்கொண்டு போகிறது, மனிதருக்கும் வீடு போகும் அவசரம் வந்துவிடுகிறது.

ஐந்து பேரும் அவர்களுடைய சாமான்களும், சோளக்காட்டில் வாங்கிய ஒரு தார் வாழைப்பழமும் அன்னாசியும் ஏறிய ஒரு கார் சுமார் 1500 கிலோ எடை இருக்கும். அதை ஏறக்குறைய 1000 மீட்டர் உயரத்திலிருந்து கீழே கொண்டுவந்து சேர்க்கிறோம். அந்த உயரத்தில் அதற்கு இருந்த சக்தி முழுவதும் எங்காவது போய்த் தீரவேண்டும் அல்லவா? பிரேக் ஒன்றையே நம்பி இறங்கினால் அதில் பெரும்பகுதி பிரேக்கிலேதான் வெப்பமாக வந்து இறங்கும். எவ்வளவு வெப்பம் என்றால், அந்தச் சக்தி மொத்தத்தையும் சேர்த்தால் சுமார் 50 லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்கவைத்துவிடலாம். உள்ளங்கை அகலம்கூட இல்லாத பிரேக் பேடுகள் எப்படித் தாங்கும்? முதலில் கருகல் நாற்றம் வரும். அடுத்து பிரேக்கின் பிடிமானம் குறையும். அதற்கும் மேலே போனால் பிரேக் ஆயிலே கொதித்துவிடும். ஆயில் ஆவியானால் மிதி தரை வரை இறங்கும், வண்டி நிற்காது.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை மெல்ல மெல்ல உறிஞ்சிக்கொள்ளும் சுபாவம் உடையது என்பது அநேகருக்குத் தெரியாது. டாட் 3 என்கிற வகை புதிதாக இருக்கும்போது 205 டிகிரிக்குக் கீழே கொதிக்கக்கூடாது என்பது அதற்குரிய நிர்ணயம். ஈரம் ஏறியபிறகு அந்த நிர்ணயம் 140 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. டாட் 4 என்றால் 230-லிருந்து 155. பல வருஷமாக ஆயிலை மாற்றாத ஒரு கார் சேலத்து ரோட்டிலும் நாமக்கல் ரோட்டிலும் எந்தக் குறையும் காட்டாமல் ஓடிக்கொண்டே இருக்கும். அதனுடைய பலவீனம் வெளிப்படும் இடம் இந்த இறக்கம்தான். மலைக்கு வருவதற்கு முன் மெக்கானிக்கிடம் போனால் டயர் காற்றோடு நிறுத்திக்கொள்ளாமல், பிரேக் ஆயில் எப்போது மாற்றியது என்பதையும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

இதற்கெல்லாம் பரிகாரம் மிக எளியது. எந்தக் கியரில் ஏறினீர்களோ அதே கியரில் இறங்குங்கள். இரண்டாவது கியரில் ஏறிய இடத்தில் இரண்டாவது. வளைவில் முதல் கியர் தேவைப்பட்டிருந்தால் அங்கே முதல் கியர். கிளட்சை மிதித்துக்கொண்டு உருளவிடாதீர்கள். என்ஜினே வண்டியை இழுத்துப் பிடித்துக்கொள்ளும். பிரேக் அவசரத்துக்கு என்று குளிர்ச்சியாகக் காத்திருக்கும். ஆட்டோமேட்டிக் கார் வைத்திருப்பவர்கள் 'டி'யிலேயே விட்டுவிடாமல் 'எல்' அல்லது மானுவல் நிலைக்கு மாற்றிக்கொள்ளவேண்டும். பிரேக்கை மிதித்தபடியே தேய்த்துக்கொண்டு வருவதைக் காட்டிலும், நேர்ப்பாதையில் அழுத்தமாக மிதித்து வேகத்தைத் தணித்துவிட்டுக் காலை எடுத்துவிடுவது உத்தமம். இடையில் அது ஆறிக்கொள்ள அவகாசம் கிடைக்கும். கருகல் வாசனை வந்துவிட்டால் அகலமான இடத்தில் நிறுத்தி அரைமணி நேரம் ஆறவிடுங்கள். சூடான சக்கரத்தில் தண்ணீர் ஊற்றவேண்டாம்.

நியூட்ரலில் இறங்கினால் பெட்ரோல் மிச்சம் என்கிற எண்ணம் மட்டும் யாருக்கும் வேண்டாம். லாரித் தொழிலுக்குப் பேர்போன நாமக்கல் மாவட்டத்தில் இருந்துகொண்டு இதைச் சொல்லவேண்டியிருக்கிறதே என்று வருத்தமாகத்தான் இருக்கிறது. தர்மபுரி மாவட்டத்துத் தொப்பூர் கணவாயில் இறங்குகிற கனரக வண்டிகள் கட்டுப்பாட்டை இழந்து முன்னால் போகிறவற்றின்மேல் மோதிய செய்திகளை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம்! டீசலை மிச்சம் பிடிப்பதற்காக நியூட்ரலில் உருட்டிவிடும் வழக்கமே அவற்றிற்கு ஒரு முக்கியக் காரணமாகத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. இன்றைய இன்ஜெக்ஷன் என்ஜின்களில், கியரில் இருந்தபடி ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்து இறங்கினால் எரிபொருள் வரத்து தானே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் என்ஜின் அணைந்துவிடாமல் இருப்பதற்காக எரிபொருள் செலவாகிறது. ஆக அந்தச் சிக்கனமும் பொய்.

கியர் இல்லாத ஸ்கூட்டரில் வருகிற இளைஞர்களுக்கும் ஒரு விண்ணப்பம். இறக்கத்தில் என்ஜின் பிடித்துக்கொடுக்கும் உதவி அந்த வண்டிகளுக்குச் சொற்பம். இருவரைச் சுமந்துகொண்டு 70 வளைவையும் அந்தச் சின்ன பிரேக்கே சமாளிக்கவேண்டும். மழை நாளில் தயவுசெய்து அதில் வராதீர்கள்.

வளைவுக்குள்ளே பிரேக் போடுவது பற்றியும் சொல்லவேண்டும். சக்கரத்துக்கும் சாலைக்கும் உள்ள பிடிமானம் ஓர் அளவுக்கு உட்பட்டது; திரும்புவதற்கும் அதிலிருந்தே எடுக்கவேண்டும், நிற்பதற்கும் அதிலிருந்தே எடுக்கவேண்டும். காய்ந்த சாலையில் இரண்டுக்கும் போதுமானது இருக்கும். ஈரத்தில் அது ஏறக்குறையப் பாதியாகக் குறைந்துவிடுகிறது. ஆகவே வேகத்தைக் குறைக்கிற வேலையை வளைவுக்கு முன்னாலேயே முடித்துக்கொண்டு, திரும்பும்போது ஸ்டியரிங் ஒன்றையே கவனியுங்கள். நெடுநாள் காய்ந்து கிடந்தபின் விழுகிற முதல் மழையிலே இன்னும் எச்சரிக்கை தேவை. சாலையில் படிந்திருந்த எண்ணெயும் ரப்பர்த் தூளும் புழுதியும் தண்ணீரோடு கலந்து வழவழப்பாகிவிடும். நம் மலையில் அதோடு சில்வர் ஓக் சருகும், மேட்டிலிருந்து ஓடிவருகிற செம்மண்ணும் சேர்ந்துகொள்கின்றன. வளைவின் உள்ஓரத்தில் சிறு ஜல்லி குவிந்து கிடக்கும். அதில்தான் மோட்டார் சைக்கிள்கள் சறுக்குகின்றன. டயரின் பள்ளங்களுக்குள்ளே குட்டையான ரப்பர்க் கட்டைகள் இருக்கும், குனிந்து பார்த்தால் தெரியும்; அவற்றின் உயரம் 1.6 மில்லிமீட்டர். டயர் தேய்ந்து அந்தக் கட்டைகளோடு சமமாகிவிட்டிருந்தால், அந்த டயரோடு மழையில் மலையேறக்கூடாது.

கண்ணாடி உள்ளே மங்கிப்போனால் கையால் துடைக்காமல், ஏ.சி.யைப் போட்டுக் காற்றை முன்கண்ணாடிக்குத் திருப்பிவிடுங்கள். ஒரு நிமிஷத்தில் தெளிந்துவிடும். பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலைச் சற்று இறக்குங்கள். அந்த பஸ் டிரைவருக்குக் கேட்டது உங்களுக்கும் கேட்கவேண்டாமா?

கனமழையானால் மண்சரிவும் பாறைச் சரிவும் இந்தச் சாலைக்குப் புதியதல்ல. மழை விட்டவுடனே ஆபத்தும் விட்டுவிட்டது என்று கொள்ளக்கூடாது. மண் குடித்த தண்ணீர் உள்ளுக்குள் இறங்கிப் பாறையின் பிடிப்பைத் தளர்த்துவதற்கு நேரம் எடுத்துக்கொள்கிறது. சாலையில் அப்போதுதான் விழுந்த சின்னக் கற்கள், வழக்கமாகத் தெளிவாக ஒழுகும் இடத்தில் கலங்கலாக வருகிற நீர், புதிதாகச் சாய்ந்து நிற்கிற மரம், இவற்றில் ஏதொன்றைக் கண்டாலும் அந்த இடத்தில் தாமதிக்காதீர்கள். வெட்டிய மலைச்சுவரின் அடியில் வண்டியை நிறுத்திக் காத்திருக்கவும் வேண்டாம். இராசிபுரத்தின் பக்கத்திலிருந்து முள்ளுக்குறிச்சி வழியாகவும் மலைக்கு ஒரு பாதை உண்டு. காரவள்ளிப் பாதை அடைபட்டால் அதில் போகலாம். எது திறந்திருக்கிறது என்பதை அடிவாரத்தில் கேட்டுவிட்டு ஏறுவது நல்லது.

படம் எடுப்பதற்காக வளைவில் நிறுத்துகிறவர்களிடம் கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன்: நிறுத்தாதீர்கள். மேகம் சூழ்ந்த வளைவில் நிற்கிற காருக்கு, நான் முன்பு சொன்ன பாதிப் பாதைக் கணக்கே கிடையாது; மேலிருந்து வருகிறவன் முழுத் தூரத்தையும் தனக்கென்று எண்ணிக்கொண்டு வருவான். சீக்குப்பாறையில் காட்சிமுனை இருக்கிறது. அங்கே இறங்கி வேண்டிய மட்டும் பார்த்துக்கொள்ளலாம்.

அதைவிட முக்கியமான ஒன்று. ஒவ்வொரு வளைவிலும் அதன் எண் எழுதிய பலகை இருக்கிறதே, அதை வாய்விட்டுப் படித்துக்கொண்டே போகும்படி பின்னால் இருக்கிற பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். ஏதாவது விபரீதம் நேர்ந்து 108-ஐக் கூப்பிட நேர்ந்தால், மேகத்துக்குள் நின்றுகொண்டு இடத்தைச் சொல்வதற்கு அந்த எண்ணைத் தவிர வேறு அடையாளம் உங்களுக்கு இருக்காது. ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்குகிற கல்லட்டிச் சாலையில், 36 கொண்டை ஊசி வளைவுகள் உள்ள அந்தச் செங்குத்தான பாதையில், 2018 அக்டோபரில் சென்னையிலிருந்து வந்தவர்களின் கார் ஒன்று பள்ளத்தில் விழுந்தது. விழுந்தது யாருக்கும் தெரியவில்லை. இரண்டு நாள் கழித்துக் கண்டுபிடித்தபோது ஐந்து பேர் இறந்துபோயிருந்தார்கள். இருவர் உயிரோடு அந்த வண்டிக்குள்ளேயே கிடந்தார்கள். அந்த இருவரும் கழித்த இரண்டு இரவுகளை நினைத்தால் இன்றைக்கும் நெஞ்சு பதறுகிறது. எந்த வழியாக, எத்தனை மணிக்கு இறங்கப்போகிறோம் என்பதைத் தங்கிய விடுதியிலோ வீட்டிலோ ஒருவரிடம் சொல்லிவிட்டுப் புறப்படுங்கள். மலையில் எல்லா இடத்திலும் செல்போன் பேசாது.

ஆடிப் பதினெட்டுக்கு அறப்பளீஸ்வரரைத் தரிசித்து ஆகாய கங்கை அருவியில் குளிக்கவும், செம்மேட்டில் நடக்கும் வல்வில் ஓரி விழாவைப் பார்க்கவும் வருவதாகத் திருச்சியிலிருந்து உறவினர் ஒருவர் கேட்டிருக்கிறார்: புதிதாகக் கார் ஓட்டப் பழகிய மகன் ஓட்டி வரலாமா என்று. அந்த நாட்களில் கூட்டம் நெரியும், மழையும் இருக்கலாம், ஏறுவதும் இறங்குவதுமாக வண்டிகள் ஒன்றையொன்று ஒட்டியபடி நிற்கும். மலையில் முன்பின் ஓட்டாத பிள்ளைக்கு அது பாடம் படிக்கும் சமயம் அல்ல. காரை நாமக்கல்லில் விட்டுவிட்டு, சேந்தமங்கலம் வழியாகச் செம்மேடு போகும் பஸ்ஸில் அவனை டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில் உட்காரவைத்து அழைத்துப் போகச் சொல்லி எழுதியிருக்கிறேன். மழையில்லாத ஒரு வார நாளில், காலை வெளிச்சத்தில், அவனே ஓட்டிவரட்டும்; அடிவாரத்தில் நான் ஏறிக்கொள்கிறேன்.